ரிப்பன் வெட்ட ஒரு தலைவர் தேவை

எட்டயபுரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். வாராவாரம் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, வாராவாரம் திட்டுகிறவர். அதாவது, நல்ல வாசகர்.

"தம்பி, குடியரசுத் தலைவர்னு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கோமே... மந்திரிமாரு சொன்ன எடத்துல கையெழுத்துப் போடத்தானே செய்யுதாவ? அதுக்கு எதுக்குய்யா இம்புட்டுப் பெரிய தேர்தலு? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு மேசையில வச்சாப் போதாதா? நீரு படிச்ச ஆளு. எழுதும்!"

சில மாதங்களுக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் அன்று மாலையே எழுதிக் கொடுத்திருப்பேன். 'போதும் சார், ரப்பர் ஸ்டாம்ப்பே போதும்' என்று. ஆனால் நடுவில் எங்கள் தெருவில் ஒரு தேர்தல் நடந்துவிட்டது. இப்போது என் நிலைமை கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது.

முதலில் என் பழைய கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. அதனால் புத்தகத்தில் என்ன அச்சாகியிருந்தாலும் அப்படியே நம்பி வளர்ந்தவன். 'குடியரசுத் தலைவர் நாட்டின் முதல் குடிமகன்' என்று மனப்பாடம் செய்தேன். "அவர் என்ன வேலை சார் செய்வார்?" என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கொடியேத்துவாரு... அடுத்த பாடத்தை எடு" என்றார்.

அப்போது விழுந்த சந்தேகம் அது.

எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள், எம்.பி.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு, அந்த மதிப்புக்கு ஒரு கணக்கு, அந்த ஓட்டைப் போடுவதற்கென்றே தனியாக ஒரு பேனா! அப்படித் தேர்ந்தெடுத்த மனிதரை எண்ண முடியாத அறைகள் உள்ள மாளிகையில் உட்கார வைத்து, அமைச்சரவை சொல்வதைக் கேளுங்கள் என்கிறோம். ஒரு மசோதா பிடிக்கவில்லையா? ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அதே மசோதா மறுபடி வந்துவிட்டதா? ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு வீட்டில் இருக்கிற அதிகாரமே இதைவிடக் கொஞ்சம் கூடுதல். பிடிக்காத குழம்பை அவர் இரண்டு தடவை திருப்பி அனுப்பலாம்.

சரி, தெருவுக்கு வருவோம்.

கோவில்பட்டி ஓரத்தில், ஊர் முடிந்து கரிசல்காடு ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் தெரு. இடைசெவல் பக்கமிருந்தும் பசுவந்தனைப் பக்கமிருந்தும் வந்து வீடு கட்டியவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். மழை பெய்யாவிட்டால் குடத்தை. நிலத்தடியில் கிடைப்பது உப்புத் தண்ணீர். துணி துவைத்தால் சோப்பு கோபித்துக்கொள்ளும். நல்ல தண்ணீர்க் குழாய் பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டது.

எனவே எங்கள் தெரு நலச்சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. எல்லோரும் கை கொடுத்து, இணைப்பு வாங்கி, சிமென்ட் மேடை கட்டி, மேலே ஒரு கறுப்பு டேங்க்கை ஏற்றி, கீழே வரிசையாகப் பைப் வைத்தார்கள். டேங்க் நிரம்பியது. பைப்பைத் திருகினால் தண்ணீர் வரும்.

யாரும் திருகவில்லை.

ஏன்? குறுக்கே ஒரு ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம். பூட்டு இல்லை, கதவு இல்லை, காவல் இல்லை. ஒரு முழம் ரிப்பன். குனிந்தால் தலை தாண்டிவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் திறந்து வைக்காத ஒன்றை யாரும் தொட மாட்டோம். வெயிலில் காய்ந்துகொண்டே பஸ்ஸுக்கு நிற்போமே தவிர, திறப்பு விழா நடக்காத நிழற்குடைக்குள் கால் வைக்க மாட்டோம். அப்படி ஒரு ஒழுக்கம்.

"ரிப்பனைத் தூக்கிட்டுப் போய்ப் புடிச்சா என்னப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? தொறக்காத டேங்க்ல தண்ணி புடிச்சா, சங்கத் தலைவர் ஆளுங்க செயலாளர் தூண்டிவிட்டார்ம்பாவ. செயலாளர் ஆளுங்க தலைவர் தூண்டிவிட்டார்ம்பாவ. நமக்கு எதுக்குலே?"

கடைசிப் பைப் மட்டும் லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு வெள்ளாடு நின்று நாக்கை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆடு எந்தக் கோஷ்டியிலும் இல்லை.

'ஏன் திறக்கவில்லை?' என்கிறீர்களா? திறக்க வேண்டிய ஆள் இல்லை.

எங்கள் சங்கத் தலைவர் செல்வராஜ் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். செயலாளர் முருகேசன் அண்ணாச்சி. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இருவரும் நல்லவர்கள், தனித்தனியாக இருக்கும்போது. முன்பு ஒரு தடவை தெருப் பெயர்ப் பலகையைத் திறந்தபோது, இருந்த ஒரே கத்திரியை இருவரும் பிடித்தார்கள். யாரும் விடவில்லை. ரிப்பன் வெட்டுப்படவில்லை, பலகைதான் விழுந்தது. அன்றைக்கே தெரு கூடி ஒரு முடிவெடுத்தது. இனி எதைத் திறந்தாலும் 'கௌரவத் தலைவர்' என்று ஒருவர்தான் திறக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த அதிகாரமும் கிடையாது. கத்திரி மட்டும்.

அப்படி இருந்த பெரியவர், டேங்க் வேலை முடிகிற நேரம் பார்த்து, மகன் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார்.

பதவி காலி. ஆகவே, தேர்தல்!

நாட்டில் நடப்பது போலவேதான் எல்லாம் நடந்தது. தலைவர் தன் சம்பந்தியை நிறுத்தினார். செயலாளர் தன் மச்சினனை நிறுத்தினார். கத்திரி பிடிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத பதவிக்கு இரண்டு ஃபிளெக்ஸ் வந்தது. ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் புலி. வீடு வீடாக வந்து கும்பிட்டார்கள். 'நீங்க வந்தா என்ன செய்வீங்க?' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம், அவர்கள் என்ன சொல்வார்கள்?

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த கோளாறு... ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"இந்தப் பதவியே வேண்டாம்னு தீர்மானம் போடுவோம். யாராவது ஒருத்தர் ரிப்பனை அவுத்தாப் போச்சு. ஜனங்களுக்குத் தண்ணி கிடைச்சா சரிதானே?"

கூட்டம் சிரித்தது. செல்வராஜ் அண்ணாச்சி வாஞ்சையோடு சொன்னார்: "தம்பி படிச்ச புள்ள. அப்படித்தான் பேசும்." முருகேசன் அண்ணாச்சி கேட்டார்: "மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமாய்யா ஒரு தெருவுக்கு?"

என் தீர்மானத்தை வழிமொழிய ஆள் இல்லை. உட்கார்ந்தேன்.

கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. சங்கம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்துத் தெருவில் தண்ணீர் வருவது தினமும் காலை, ஞாயிறு உட்பட. தெருவின் எதிர்காலத்தைப் பற்றி ஆண்கள் பேச, பெண்கள் பக்கத்துத் தெரு வரிசையில் குடத்தோடு நிற்பார்கள். என் அம்மா சண்முகத்தாயும் அங்கேதான் நின்றாள்.

அங்கே அவளுக்கு என்ன உபசாரம் தெரியுமா?

"ஒங்க தெருவுல புது டேங்க்கு நெறைஞ்சு நிக்குது. ஆடு குடிக்குது. நீங்க என்னடான்னா இங்கன வந்து வரிசையில நிக்கிய! எங்களுக்கே பத்தலை, பாத்துக்கிடுங்க."

இதைச் சொன்னது பக்கத்துத் தெரு பேச்சியம்மா. கெட்டவள் இல்லை. அவள் குடமும் காலிதான்.

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மேடான பாதை. ஒரு கை இடுப்புக் குடத்தில், ஒரு கை தலைக் குடத்தில். செல்வராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில்தான் அவளுக்கு வேலை. வேலை நாட்களில் தண்ணீர் எடுத்து முடித்து, சோறு பொங்கி, ஓடிப்போய்த் தீப்பெட்டிப் பண்டல் போட உட்கார வேண்டும். முழங்கால் வீங்கியிருந்தது.

"தேர்தல் எப்பம் முடியும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் சம பலம்மா. இழுக்கும்."

"நல்லா இழுக்கட்டும். எங்கால்தானே."

நிஜமாகவே இழுத்தது. சம்பந்தி ஜெயித்தால் செயலாளர் விழாவுக்கு வர மாட்டார். மச்சினன் ஜெயித்தால் தலைவர் மைக் செட்டுக்குச் சொல்ல மாட்டார். கடைசியில் ஜவுளிக் கடை மீரான் பாய் நடுவில் வந்தார். எங்கள் தெருவில் எந்தச் சண்டையும் அவர் கடை வாசலில்தான் முடியும்.

"ரெண்டு பேரும் கேளுங்க. ஒருத்தருக்கு மட்டும் ஆகுத ஆளு வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஆகுத ஆளாப் பாப்போம். வாயைத் தொறக்காத ஆளா இருக்கணும். நம்ம சண்முகத்தாய் அக்காவைப் போட்டா என்ன?"

செல்வராஜ் அண்ணாச்சி யோசித்தார். "நம்ம ஆபீஸ்ல வேலை பாக்குத பொம்பளை. தலை நிமிந்து ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. சரி."

முருகேசன் அண்ணாச்சி யோசித்தார். "எங்க பெரியம்மா வழியில அவிய நமக்குச் சொந்தம்லா! ஒரு கூட்டத்துலகூட வாயைத் தொறந்து பாத்ததில்லை. சரி."

கூட்டத்துக்கே வராத ஆள் வாயைத் திறந்து இவர்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? தண்ணீர் வரிசையில் அம்மா வாயைத் திறந்தால் பேச்சியம்மாவே இரண்டு அடி தள்ளி நிற்பாள். இது தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அண்ணாச்சிகளுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் ஒருநாளும் தண்ணீர் எடுத்ததில்லை.

அம்மா போட்டியின்றித் தேர்வானாள். செய்தியைச் சொல்லத் தலைவரும் செயலாளரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பொறுப்புகளை விளக்கினார்கள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் தாயி. மேடையில உக்காரணும். கத்திரி குடுப்போம், வெட்டணும். பேச வேண்டியதில்லை."

"எப்பம் வெட்டணும்?" என்றாள் அம்மா.

இருவரும் வாசலில் செருப்பைத் தேடினார்கள்.

"அதை நாங்க சொல்லுதோம்."

சொல்லவில்லை. தலைவர் ஒரு பெரிய புள்ளியைக் கூப்பிட வேண்டும் என்றார். பெரிய புள்ளிக்கு நேரமில்லை. செயலாளர் கல்வெட்டு வர வேண்டும் என்றார். கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்றார் மீரான் பாய். அப்படியானால் யார் பெயர் இடது பக்கம்? கௌரவத் தலைவரின் பெயர் எங்கே வரும் என்று நான் கேட்டேன். "அவியளுக்கு எதுக்குத் தம்பி? அவியளுக்குத்தான் பொன்னாடை போட்டாச்சே" என்றார்கள்.

வெயில் ஏறியது. பக்கத்துத் தெருவில் தண்ணீர் நூலாக வந்தது. அம்மாவுக்கு உபசாரம் மட்டும் பெருகியது.

"வாங்க தலைவியம்மா! ஒங்க தெருவுக்கே நீங்கதான் தலைவி. எங்க தெருவுக்குக் கொடத்தோட வாரிய! வெக்கமா இல்ல? நாளையில இருந்து ஒங்க தெரு ஆளுக ஒருத்தரும் வராதிய. நாங்க பேசி முடிவு பண்ணியாச்சு."

இதைச் சொன்னதும் பேச்சியம்மாதான். அம்மா காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். வீட்டில் சோறு பொங்கத் தண்ணீர் இல்லை. ஆபீஸுக்குப் பட்டினியாகப் போனாள். மாலையில் வந்ததும் மேடைப் பக்கம் போய், டேங்க்கையும் ரிப்பனையும் ஆட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏல, என் வேலை என்னன்னு சொன்னாவ?" என்று என்னிடம் கேட்டாள்.

"திறந்து வைக்கிறது."

"அதை வேற யாரும் செய்யக் கூடாது?"

"கூடாது."

"சரி" என்றாள். அவ்வளவுதான். குடியரசுத் தலைவரின் அதிகாரங்களைப் பற்றி நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்தபோது தெருவில் ஒரு சத்தம். குடத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். எங்கள் தெருவில் அதற்கு முன் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ரிப்பன் இரண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையின்மேல், நாங்கள் பால் பாக்கெட் வெட்டுகிற துருப்பிடித்த கத்திரி. அம்மா பைப்படியில் குனிந்து நின்றாள். தலையில் சும்மாடு. என்ன துணி என்று உற்றுப் பார்த்தால்... பொன்னாடை! சுருட்டி, கச்சிதமாக, குடம் உட்காருகிற மாதிரி. ஜரிகை வெளியே தெரிந்தது. பொன்னாடைக்கு ஒரு பயன் கண்டுபிடித்த முதல் தலைவர் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

"போ அங்கிட்டு. நீ குடிச்சது போதும்" என்று ஆட்டை விரட்டினாள்.

அதற்குள் கதவுகள் திறந்தன. பெண்கள் குடத்தோடு வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். "தலைவி பேசணும்! தலைவி பேசணும்!"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றாள் அம்மா. "கொடத்தை வைங்க."

அண்ணாச்சிகள் இருவரும் வந்து சேர்ந்தபோது வரிசை நீண்டிருந்தது. செல்வராஜ் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டு வெட்டுன?"

"யாரைக் கேக்கணும் அண்ணாச்சி? தொறக்கத்தான என்னைய வச்சிய. தொறந்துட்டேன்."

"விழா வேண்டாமா? கல்வெட்டு வேண்டாமா?"

"வைங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

முருகேசன் அண்ணாச்சி சமயோசிதக்காரர். "இப்படிச் செய்வோம். ரிப்பனை மறுபடி கட்டுவோம். விழா அன்னைக்கு மறுபடி வெட்டிக்கிடலாம்."

"கட்டுங்க அண்ணாச்சி. ஆனா தொறந்த டேங்க்கை மூடுத வேலை என்னுது இல்ல. அது யாருன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க."

அந்த யாரு? மூடுவதற்கு ஒரு பதவி எங்கள் தெருவில் இல்லை. குடத்தோடு நிற்கிற பெண்கள் வரிசைக்கு முன்னால் போய் 'நான் மூடுகிறேன்' என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இருவரும், இங்கன ரொம்ப ஈரமா இருக்கு என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு அம்மா ஆபீஸுக்குச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள். முதலாளி அவள் பக்கம் திரும்பவே இல்லையாம். வேலையைவிட்டு நிறுத்திவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். நிறுத்தவில்லை. தான் பொன்னாடை போர்த்திய ஆளைத் தானே எப்படி நிறுத்துவது? மரியாதை என்று ஒன்று வேண்டாமா ஒரு தெருவுக்கு?

இப்போது எட்டயபுரத்து வாசகருக்கு.

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். அதிகாரம் இல்லாத ஒரு நாற்காலி, அதற்கு ஒரு தேர்தல், அதற்கு ஒரு ஆரவாரம்... எல்லாம் வீண் மாதிரிதான் தெரியும். பெரும்பாலான நாட்களில் வீண்தான். வாயைத் திறக்காத ஆளாகத் தேடிப் பிடித்துத்தானே அதில் உட்கார வைக்கிறார்கள்? ஆனால் ரப்பர் ஸ்டாம்ப் போதாதா என்று கேட்டீர்களே... போதாது ஐயா. ரப்பர் ஸ்டாம்ப்புக்குத் தாகம் எடுக்காது.

நான் இதை எழுதுவதற்கு ஒரு அவசரம் இருக்கிறது.

எங்கள் சங்கம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கூடுகிறது. ஒரே ஒரு தீர்மானம்: 'கௌரவத் தலைவர் என்ற பதவி தேவையற்றது. உடனே ஒழிக்க வேண்டும்.' கொண்டு வருகிறவர் செல்வராஜ் அண்ணாச்சி. வழிமொழிகிறவர் முருகேசன் அண்ணாச்சி. பலகை விழுந்த நாளுக்குப் பிறகு, மீரான் பாய் நடுவில் வராமலே இருவரும் ஒரே பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை. "தம்பி அன்னைக்கே சொன்னாரு. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வழியில் என்னை நிறுத்திக் கை கொடுத்தார்கள்.

என் சொந்தத் தீர்மானத்தை எதிர்த்து நானே பேசப் போகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீருக்குப் போகிற வேலை இப்போது எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

கூட்டத்துக்கு நாற்காலி கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லி அண்ணாச்சிகளிடம் யாராவது சொல்லி வையுங்கள்.